முழங்காலில் ஒரு தட்டு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. "அப்பா அம்மாவின் பொன்விழா எப்படி நடந்தது, ஒன்று விடாமல் எழுது" என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவோ திருமணமான 46ஆம் ஆண்டிலேயே போய்விட்டார். உனக்கு இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று தயங்கினேன். கேட்டவன் நீதானே என்று இன்று பேனாவை எடுத்துவிட்டேன்.

விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வந்தவர்கள் வாழ்த்தினார்கள், குழந்தைகள் ஓடினார்கள், மைக் ஒருமுறை மக்கர் செய்தது. முந்தைய வாரம்தான் சுவாரசியம். வாழ்த்து மடலில் "ஒரு நாளும் மனவேறுபாடு காணாத தம்பதி" என்று தங்கை எழுதி வைத்திருந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். "தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள்" என்றார்.

நியாயம்தானே? நாம் ஆறாம் வகுப்பு படித்தபோது இருவரும் ஒன்பது நாள் பேசாமல் இருந்தார்களே, நினைவிருக்கிறதா? நான்தான் தூது. "பீரோ சாவி எங்கே என்று உன் அப்பாவிடம் கேள்." "ஆணியில் தொங்குகிறது என்று உன் அம்மாவிடம் சொல்." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்! நீ விளையாடக் கூப்பிட வந்து, இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போவாய். எதற்காக அந்தச் சண்டை என்று இப்போது கேட்டால் இருவருமே மறந்துவிட்டது என்கிறார்கள். அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறைக்கிறார் என்பது அம்மாவின் கட்சி.

ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து ஒரு திருமணத்தைப் புகழ எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பதைத் தொட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே வாழ்த்தைத்தான் படிக்கிறோம். ஆனால் கணக்குப் போடாமல் யாரும் விடுவதில்லை. 1975இலிருந்து 2025 வரை 18,263 நாள் என்று என் மகள் லீப் ஆண்டுகளையும் சேர்த்துச் சொன்னாள். "அதில் எத்தனை நாள் உன் தாத்தா சொன்ன நேரத்துக்கு வீடு வந்தார் என்றும் பார்த்துச் சொல்" என்றார் அம்மா. அப்பா பேப்பரில் படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டார்: அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரும் ரோசலினும் 1946இல் மணந்து, 2023இல் அந்த அம்மாள் இறக்கும்வரை 77 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்களாம். "நமக்கு இன்னும் 27 பாக்கி" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டதில் கோபமும் இல்லை.

விழாவில் நான் கண்ட ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். மேடையில் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே, இரைச்சல் தாங்காமல் அப்பா காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு பேசியவர்களின் ஒரு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்காது. ஆனாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டினார். எனக்கு வியப்பு. உற்றுப் பார்த்தேன். அம்மா கூட்டத்தைப் பார்த்தபடியே இடது கையால் அவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டுத் தட்டினால் கைதட்டல். இரண்டு தட்டினால் சிரிப்பு. என் சித்தப்பா நெடுநேரம் பேசியபோது கை அசையவே இல்லை, அப்பாவும் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "இதை எப்போது பேசி வைத்துக்கொண்டீர்கள்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எதை?" என்றார்.

உன் அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு உன் அம்மா இன்றும் காலையில் சாவி கொடுப்பதாக எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அவளை இங்கே வந்து ஒரு வாரம் இருக்கச் சொல்" என்றார். உபசாரத்துக்குச் சொன்னதல்ல. நீயும் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டாய், இனி விடுப்புக் கிடைக்கவில்லை என்று கதை சொல்ல முடியாது.

வரும்போது ஓர் உதவி. எங்களிடம் இருக்கும் ஒரே கல்யாணப் போட்டோவில் ஈரம் ஏறி அப்பாவின் முகம் பாதி அழிந்துவிட்டது. அதன் இன்னொரு பிரதி உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்கிறார் அம்மா. மாப்பிள்ளைத் தோழனாக உன் அப்பா பின்னால் நிற்பாராம், கண்ணை மூடிக்கொண்டு. தேடி எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்