அஸ்டா நீல்சனுக்கு வேறு படம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பேசாப்பட நடிகைகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அதில் எங்கள் ஊர்க்காரி, டென்மார்க் நடிகை அஸ்டா நீல்சனுக்கு மூன்றே வரிதான். கவர்ச்சி நடனத்தால் ஐரோப்பாவைக் கிறங்கடித்த ஜெர்மன் நடிகையாம். பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாமல் காணாமல் போனாராம். மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் 1986-இல் கைக்குழந்தையோடு டென்மார்க்குக்கு வந்தவள். கோப்பன்ஹேகனில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் 24 வருடம் வேலை பார்த்தேன். வீடு வெஸ்டர்புரோ பகுதியில். அஸ்டா பிறந்ததும் இதே வெஸ்டர்புரோவில்தான், 1881 செப்டம்பர் 11 அன்று. அப்போது இது கூலி வேலைக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அப்பா கொல்லர், பாதி நாள் வேலை இருக்காது. அம்மா ஊரார் துணியைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். வேலை தேடி அந்தக் குடும்பம் கடல் தாண்டி சுவீடனின் மால்மோவுக்குப் போய்ச் சில வருடம் இருந்தது. அஸ்டாவுக்கு 14 வயதில் அப்பா இறந்துபோனார். சலவைக்காரியின் மகள் என்று தெரிந்த நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல்.

அரச நாடக அரங்கின் நடிப்புப் பள்ளியில் அவருக்கு 18 வயதில் இடம் கிடைத்தது. 20 வயதில் மகள் பிறந்தாள். தகப்பன் யார் என்று கடைசிவரை அவர் வாய் திறக்கவில்லை. 1901-இல் கல்யாணமாகாத ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு நாடகத்தில் நிற்பது லேசான காரியமா? அம்மாவும் அக்காவும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள், இவர் மேடைக்குப் போனார். ஒல்லி உடம்பு, கனத்த குரல் என்று நல்ல வேடங்கள் வேறு யாருக்காவது போய்க்கொண்டிருந்தன.

அப்புறம்தான் 1910-இல் அந்தப் படம். டேனிஷில் ‘அவ்குருனன்’, நம் மொழியில் ‘பாதாளம்’ என்று சொல்லலாம். உர்பன் காட் என்பவர் எழுதி இயக்கினார், அஸ்டா நாயகி. இரண்டு பேருக்கும் சினிமா புதிது. இதைப் பார்த்தாவது நாடகக்காரர்கள் நல்ல வேடம் தரமாட்டார்களா என்ற எண்ணத்தில்தான் எடுத்தார்கள். செலவு டென்மார்க் காசில் 8,000 குரோனர்.

கோதர்ஸ்கேட் தெருவில் இருக்கும் டேனிஷ் திரைப்படக் கழகத்தின் அரங்குக்குப் பேத்தி என்னைக் கூட்டிப்போனாள். 37 நிமிடப் படம். ஓரத்தில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். கதை எளிது. பியானோ சொல்லிக்கொடுக்கும் மக்டா, பாதிரியாரின் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டவள், சர்க்கஸ்காரன் ஒருவனோடு குதிரையேறிப் போய்விடுகிறாள். நீங்கள் எழுதிய நடனம் இதில்தான் வருகிறது. கறுப்பு உடையில் அவர் காதலனைக் கயிற்றால் கட்டிப்போட்டு ஆடுகிறார். உண்மைதான், துணிச்சலான ஆட்டம். ஆனால் கேமரா மேடைக்கு முன்னால் இல்லை, பக்கவாட்டில் நிற்கிறது. ரசிகருக்காக ஆடும் ஆட்டமாக அது எனக்குத் தெரியவில்லை. கைவிட்டுப் போகும் ஒருவனைக் கட்டிவைக்கப் பார்க்கும் பெண்ணைத்தான் கண்டேன்.

அதைவிட, கடைசிக் காட்சியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லையே என்பதுதான் என் வருத்தம். அந்தக் காதலனை அவள் குத்திக் கொன்றுவிட்டாள். போலீஸ்காரர்கள் அழைத்துப் போகிறார்கள். அந்தக் காலத்து நடிகையென்றால் கையை விரிப்பார், மார்பில் அடித்துக்கொள்வார். அஸ்டா எதுவுமே செய்யவில்லை. முகத்தில் ஒரு அசைவில்லை. கண் எங்கோ இருக்கிறது, கால் தன்பாட்டில் நடக்கிறது. எங்கள் சலவைக்கூடத்தில் ஒருநாள் ஒரு பெண்ணுக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தது. அவள் அழவில்லை. கையிலிருந்த விரிப்பை நாலாக மடித்தாள், ஓரங்களைச் சரியாக ஒட்டி அடுக்கில் வைத்தாள், பிறகு வெளியே நடந்தாள். அதே நடை. 1910-இல், முதல் படத்தில், கேமராவுக்கு இவ்வளவு போதும் என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அடுத்த வருடமே ஜெர்மனி அழைத்துக்கொண்டது. இயக்குநர் உர்பன் காட்டும் கூடவே போனார், இருவருக்கும் 1912-இல் திருமணம், சில வருடத்தில் பிரிவு. அதுவரை படச்சுருளை மீட்டர் கணக்கில் யாருக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு வட்டாரத்தில் ஒருவருக்கு மட்டும் திரையிடும் உரிமை என்ற முறை ஜெர்மனியில் வேரூன்றியதில் இவருடைய படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லிப் படத்தை விற்பது இப்படித்தான் வளர்ந்தது. 32 வயதில் 12 வயதுச் சிறுமியாக நடிக்கும் பெண்ணாக வந்து சிரிக்க வைத்தார். சொந்த நிறுவனம் வைத்து அவர் எடுத்த ஹாம்லெட் 1921-இல் வெளிவந்தது. அதில் ஹாம்லெட் இளவரசனாக வளர்க்கப்பட்ட ஒரு பெண், அந்த வேடம் இவருக்கு. 1925-இல் பாப்ஸ்ட் என்ற இயக்குநரின் படத்தில், பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான இளம் கிரேட்டா கார்போவோடு நடித்தார். மொத்தம் 70-க்கு மேற்பட்ட படங்களில் டேனிஷ் படங்கள் நான்கே நான்கு. அதனால் ஜெர்மன் நடிகை என்று நீங்கள் எழுதியதைக் கூட மன்னித்துவிடலாம்.

குரல் எடுபடவில்லை என்பதை மட்டும் விட முடியாது. நாடகமேடையில் பழகிய குரல் அது. 1932-இல் ஒரு பேசும்படத்தில் நடித்தார், அத்தோடு சரி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், தனியாக ஒரு படப்பிடிப்பு நிலையமே தருகிறோம் என்று அவருடைய பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் ஆசைகாட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அஸ்டா ஊர் திரும்பினார். அந்த மறுப்புக்காகவே அவரைப் பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதலாம் ஐயா. ஊரில் அதற்குப் பிறகு ஒரு கதைப்படத்திலும் அவர் நடிக்கவில்லை. நினைவுக்குறிப்புகளை இரண்டு பாகமாக எழுதினார். துணித் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். 1968-இல், 80 வயதைக் கடந்தபின், தன்னைப் பற்றித் தானே ஒரு குறும்படம் எடுத்தார். 88 வயதில் மறுபடி திருமணம் செய்துகொண்டார். 1972 மே மாதம் இங்கேயே காலமானார்.

எனக்கு ஒரே வேண்டுகோள். அந்தப் ‘பாதாளம்’ படத்தைத் திரைப்படக் கழகம் யாரும் பார்க்கும்படி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கட்டுரை எழுதியவர் 37 நிமிடம் ஒதுக்கிப் பார்க்கட்டும். அடுத்த முறை அஸ்டாவின் பெயர் வரும்போது கயிறும் கறுப்பு உடையுமாக இருக்கும் புகைப்படத்தை எடுத்துவிட்டு, போலீஸ்காரர்கள் பக்கத்தில் வர அவர் நடந்து வரும் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெஸ்டர்புரோ, கோப்பன்ஹேகன்.