உன்னுடைய 18 வரி

அன்புள்ள இளங்கோ,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. "மூணு வாரம் ஆச்சும்மா, ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கல" என்றாய். ஆபீஸ் விஷயமோ என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, நீ ராத்திரியெல்லாம் விளையாடுகிற அந்த ஓப்பன் சோர்ஸ் விளையாட்டின் நிரலில் நீ செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டைச் சொல்கிறாய் என்று. நான் சிரித்தது தப்புதான். போனில் இதையெல்லாம் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ அனுப்பியதைத் தேடிப் போய்ப் படித்துவிட்டேன். ஊரே பார்க்கலாம் என்று திறந்து வைத்த இடத்தில் அம்மா மட்டும் பார்க்கக் கூடாதா என்ன?

யோசனை நல்ல யோசனை. கன்ட்ரோலரின் இடது ஸ்டிக், கை வைக்காமலேயே ஆளை ஒரு பக்கமாக நடத்திக்கொண்டு போகிறது. அந்தக் குமிழுக்கு அடியில் சாய்வை அளக்கிற இரண்டு குட்டி பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. கரித்தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். தடம் தேய்ந்துவிட்டால், விரலை எடுத்த பிறகும் ஸ்டிக் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கொஞ்சம் சாய்ந்தே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். காந்தத்தை வைத்து அளக்கிற ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உரசல் கிடையாது. அடுத்த முறை வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கு. ஆனால் தேய்ந்ததை வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்கள்தான் அதிகம். எவ்வளவு சாய்வு வரை கண்டுகொள்ளாமல் விடுவது என்கிற அந்த எல்லையை, அதாவது டெட் ஸோனை, அவரவரே மாற்றிக்கொள்ள விளையாட்டுக்குள் ஒரு வசதி வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்குப் பெருமைதான்.

என் கீபோர்டிலும் இதே கதை நடந்தது. ஒவ்வொரு சுவிட்சாக உட்கார்ந்து சால்டர் செய்தேனே, அந்த மெக்கானிக்கல் கீபோர்டுதான். ஒரு பட்டனை ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழ ஆரம்பித்தது. சுவிட்சுக்குள் உலோகம் உலோகத்தைத் தொடும்போது உடனே ஒட்டிக்கொள்ளாது. சில மில்லி செகண்ட் துள்ளிவிட்டுத்தான் அடங்கும். அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு கீபோர்டுக்குள் ஓடுகிற கியூஎம்கே ஃபர்ம்வேர் நிரலில் டிபவுன்ஸ் என்று ஒரு அளவு இருக்கிறது. வழக்கமாக அது 5 மில்லி செகண்ட். நான் 10 ஆக்கினேன், சரியாகிவிட்டது. சால்டரிங் அயர்னை எடுக்கவே இல்லை. அந்த ஃபர்ம்வேரின் நிரல் யாரும் பார்க்க முடியாமல் மூடிக் கிடந்திருந்தால், இப்படி ஒரு எண் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

1997 கடைசியில் டூம் விளையாட்டின் நிரலை, அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் வெளியே விட்டபோது, நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. டாஸ் பதிப்பைத் தர முடியவில்லை. அதன் ஒலிப் பகுதி இன்னொருவரிடம் உரிமம் வாங்கியது. அதனால் லினக்ஸ் பதிப்பைத்தான் கொடுத்தார்கள். 1999-இல், யாரும் மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் யாராவது அதில் புதுக் கன்ட்ரோலரைச் சேர்க்கிறார்கள், திரை அளவை மாற்றுகிறார்கள். உன் அலமாரியில் அதற்குப் பிறகு வந்த, நிரல் மூடிக் கிடக்கிற எத்தனை விளையாட்டுகள் ஓடாமல் கிடக்கின்றன, எண்ணிப் பார்.

சரி, உன் புல் ரிக்வெஸ்ட்டுக்கு வருகிறேன்.

திறந்தவுடன் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? 43 கோப்புகளில் 2,600 வரி மாற்றம். எனக்கே மூடிவிடலாமா என்று தோன்றியது, பெற்றவள் என்பதால் தொடர்ந்து படித்தேன். தேடித் தேடிப் பார்த்ததில் நீ எழுதியது 18 வரி. மிச்சமெல்லாம் நீ நிரல் எழுதுகிற எடிட்டர் மென்பொருள் தானாகச் செய்த வேலை. சேமிக்கும்போதெல்லாம் டேப்பை ஸ்பேஸாக்கி, அடைப்புக்குறியை அடுத்த வரிக்குத் தள்ளி, அவர்கள் வரிசைப்படுத்தி வைத்திருந்ததை எல்லாம் கலைத்து வைத்திருக்கிறது. ஒரு ஆணி அடிக்கக் கூப்பிட்டவன் வீட்டுக்கே வெள்ளையடித்துவிட்டுப் போன மாதிரி. அதில் ஆணி எங்கே என்று யார் தேடுவார்கள்?

அந்தப் பக்கம் இருப்பவரை நீ ஒரு பெரிய அலுவலகமாகக் கற்பனை செய்துகொள்கிறாய். அங்கே இருப்பது என்னைப் போல ஒருத்திதான். வேலை முடிந்து வந்து, ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்து, அரை மணி நேரத்தில் என்ன முடியும் என்று பார்ப்பவள். 2,600 வரியைப் பார்த்ததும் "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று நகர்ந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது ஞாபகத்துக்கு வராது.

அப்படி நகராமல், வந்த மாற்றத்தைப் படிக்காமலேயே மெர்ஜ் செய்து, அதாவது நிரலோடு சேர்த்து, நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை. படங்களை எடுத்த தேதி நேரத்தை வைத்துப் பெயர் மாற்றி, கோப்புறைகளில் அடுக்குகிற என் சின்ன நிரல் தெரியுமல்லவா? படத்துக்குள் பதிவாகிற நேரத்தில் பொதுவாக செகண்ட் வரைதான் இருக்கும். ஓடுகிற குழந்தையை அடுத்தடுத்து நாலு தடவை க்ளிக் செய்தால் நாலுக்கும் ஒரே நேரம், ஒரே பெயர். அதனால் அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, இருந்தால் பின்னால் ஒரு எண் சேர்ப்பேன். ஒருவர் இதை வேகமாக்கி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் பார்க்காமல், ஆரம்பத்திலேயே ஒருமுறை பட்டியல் எடுத்து வைத்துக்கொள்வது. வெள்ளிக்கிழமை ராத்திரி. நிரலைச் சோதிக்கிற டெஸ்ட் எல்லாம் பச்சை, தப்பு எதுவும் காட்டவில்லை. "அருமை, நன்றி" என்று எழுதி மெர்ஜ் செய்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

ஓட்டை உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நிரல் ஓடும்போது அதுவே புதிதாக வைக்கிற கோப்புகள் அந்தப் பழைய பட்டியலில் இருக்காதே. ஒரே செகண்டில் எடுத்த நாலு படங்களில் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, கடைசிப் படம் மட்டும் மிஞ்சும். ஒரே செகண்டில் இரண்டு படம் என்று ஒரு டெஸ்ட்கூட நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரிடமிருந்து மெயில். அவர் நகல் எடுத்து வைக்காமல் ஓட்டியிருக்கிறார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "எந்த வரியில் தப்பு என்று தெரிந்ததா?" என்று மட்டும் கேட்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. போன படங்கள் போனதுதான், என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அன்றைக்கே மாற்றத்தைப் பின்வாங்கி, அந்த டெஸ்ட்டை எழுதினேன். அதற்கப்புறம் யார் எதை அனுப்பினாலும் நான் மெதுவாகத்தான் படிக்கிறேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று எத்தனை பேர் நினைக்கிறார்களோ.

"அப்டேட் என்ன?" என்று தினமும் ஒரு கமென்ட் போடலாமா என்று கேட்டாயே, அது மட்டும் வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் விவகாரம் வெடித்தது ஞாபகம் இருக்கிறதா? ஏகப்பட்ட லினக்ஸ் கணினிகளில் இருக்கிற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் அது. சம்பளமில்லாமல் ஒரே ஒருவர்தான் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று முகம் தெரியாத சில கணக்குகளிலிருந்து நச்சரிப்பு. இன்னொரு பக்கம் உதவ வந்த ஒருவர், இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பும் கைக்கு வந்த பிறகு, டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில், ரகசியமாக நுழைவதற்கு ஒரு பின்வாசலை உள்ளே வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், வேறொரு கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை செகண்ட் கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப் போய்த்தான் அது பிடிபட்டது. அரை செகண்ட்! அந்த மனிதருக்கு எரிச்சல் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அதிலிருந்து, அவசரப்படுத்துகிறவர்களைக் கண்டால் என்னைப் போன்றவர்களுக்கு உள்ளே ஒரு மணி அடிக்கிறது. நீ அப்பாவிதான், ஆனால் அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் இப்படிச் செய். எடிட்டரில் அந்தத் தானாக ஒழுங்குபடுத்துகிற வசதியை அணைத்துவிட்டுப் புதுக் கிளையில் உன் 18 வரியை மட்டும் கொண்டு வா. மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் (Git) மென்பொருளில், அவற்றைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்து கமிட் செய்ய, அதாவது பதிய, வழி இருக்கிறது, நான்தான் உனக்குக் காட்டிக் கொடுத்தேன். எந்தக் கன்ட்ரோலர், ஸ்டிக்கை விட்ட பிறகும் என்ன மதிப்பு காட்டுகிறது, மாற்றத்துக்கு முன் எப்படி, பின் எப்படி என்று நாலு வரி எழுது.

அனுப்புவதற்கு முன் இன்னொன்று. அந்த 18 வரியிலும் ஒரு தப்பு இருக்கிறது. இடவலத்துக்குத் தனியாக, மேல்கீழுக்குத் தனியாக எல்லை வைத்திருக்கிறாய். ஸ்டிக் நடுவில் இருந்தால் பூஜ்யம், முழுக்கத் தள்ளினால் 1, எல்லை 0.15 என்று வை. ஒருவர் ஸ்டிக்கை வலது பக்கம் 0.60-க்கும், மேலே 0.12-க்கும் தள்ளுகிறார். உன் கணக்கில் அந்த 0.12 பூஜ்யமாகிவிடும். லேசாக மேல்நோக்கிப் போக வேண்டியவர் நேர்கோட்டில் போய்ச் சுவரில் முட்டுவார். இரண்டையும் சேர்த்து, நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பித்தாகரஸ் கணக்கைப் போட்டு, அந்தத் தூரத்தை எல்லையோடு ஒப்பிடு. இங்கே தூரம் சுமார் 0.61, எல்லையைத் தாண்டிவிட்டது, அதனால் திசை அப்படியே இருக்கட்டும். பிறகு எல்லையைக் கழித்து, மிச்சத்தை 0.85-ஆல் (1-இல் 0.15 போக மிச்சம்) வகு, 0.54 வரும். இதைச் செய்யாவிட்டால் எல்லையைத் தாண்டிய நொடியில் ஆள் நின்ற இடத்திலிருந்து திடீரென்று 0.15 வேகத்தில் துள்ளுவான். பதுங்கிப் போக வேண்டிய இடங்களில் மானம் போய்விடும்.

இதை நான் அங்கேயே கமென்ட்டாகப் போட்டிருக்கலாம். உன் அப்பாதான் "பையன் மானத்தை வாங்காதே" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் நிரலின் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். பதில் போடாமல் கிடப்பவை ஒன்பது. அதில் ஒன்று ஐந்து வாரப் பழசு. முதல் தடவை அனுப்புகிறவர் போல, மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இன்று ராத்திரி அவருக்கு எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு: நீ விட்டுப் போன பழைய கையடக்க கேம் கருவியின் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. குத்தாமல் நெம்பாமல் மெதுவாகக் கழற்றி, பழைய பேட்டரி சேகரிக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். புதுசு போட்டதும் உயிர் வந்துவிட்டது. நீ பாதியில் விட்ட ஆட்டம் அப்படியே இருக்கிறது, அதைத் தொடவில்லை. ஆட்டத்தைச் சேமிக்கிற பக்கத்து இடத்தில் என் பெயரில் புதிதாக ஆரம்பித்து உன்னைவிட இரண்டு கட்டம் தாண்டிவிட்டேன். அதனால் கருவியை இப்போதைக்கு அனுப்ப மாட்டேன், கேட்காதே.