அந்த உறுமல் எந்த ஸ்தாயி?

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வைத்த உறுமல் ராத்திரியெல்லாம் காதிலேயே இருந்தது. பாட்டு ஓடாதபோதும் இடது ஸ்பீக்கர் மட்டும் ‘ம்ம்ம்’ என்கிறது. கடைக்காரர் உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயர் போர்டையே மாற்றணும் என்றாராம். மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்றால், தட்டிப் பார்த்தார் என்கிறாய். தட்டிப் பார்க்க அது என்ன தேங்காயா?

ஸ்க்ரூவைத் தொடாமலே பாதி தெரிந்துவிடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் போகிற சிக்னல் வயரை மாற்றிக் குத்து. உறுமலும் வலது பக்கம் போய்விட்டால் கோளாறு வயரில், இல்லை பாட்டு வருகிற முந்தின பெட்டியில். இடதிலேயே நின்றால், சிக்னல் வயரை மொத்தமாகப் பிடுங்கிவிட்டுக் கேள். அடங்கினால் பெரும்பாலும் எர்த் சிக்கல். அடங்காவிட்டால் நோவு உள்ளேதான். வால்யூமைத் திருகியும் சத்தம் கூடாமல் குறையாமல் இருந்தால் முதல் சந்தேகம், உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை மேல்.

எர்த் விஷயத்தில் நானே அசடு வழிந்திருக்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. முகப்பில் மைக் வயர்களெல்லாம் வந்து சேரும் மிக்சர் பெட்டி, இரண்டாங்கட்டில் ஸ்பீக்கர். அந்த வீடுகள்தான் தெருவுக்குத் தெரு நீளுமே, முன்னால் ஒரு பிளக், பின்னால் ஒரு பிளக். ஒரே உறுமல். ஸ்பீக்கரை என் கடைக்குத் தூக்கி வந்து, ராத்திரி உட்கார்ந்து, பவர் சப்ளையில் கரண்டைச் சேர்த்து வைத்துச் சமனாக்குகிற பெரிய கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினேன். காலையில் கொண்டுபோய் மாட்டினால் அதே ‘ம்ம்ம்’. நாதஸ்வரக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் மிக்சர் இருந்த பிளக்கிலிருந்தே வயர் இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன், கப்சிப். இரண்டு எர்த்துக்கும் நடுவில் இருந்த சின்ன வோல்ட் வித்தியாசம், சிக்னல் வயரைச் சுற்றியிருக்கிற கம்பி உறை, அதாவது ஷீல்டு வழியாகக் கரண்டாக ஓடியிருக்கிறது. ஆகவே நீயும் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பார். உறுமலுக்குப் பயந்து எர்த் பின்னை ஒடிக்கிற பையன்கள் உண்டு. அந்த வேலை மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று, உனக்கென்றே. எர்த் உறுமல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் காய்ந்து வருவது 100. பாடுகிறவளுக்குச் சொல்ல வேண்டுமா, சரியாக ஒரு ஸ்தாயி மேலே. போனில் 50 சரியாகக் கேட்காது, அதனால் என் காதை நம்பாதே. நீயே கேட்டுச் சொல்.

உள்ளேதான் என்று தெரிந்தால் அனுப்பி வை, திறக்காதே. வீட்டுக் கரண்டை நேராக டிசியாக (ஒரே திசையில் ஓடுகிற கரண்டாக) மாற்றுகிற சப்ளையாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். இங்கே நான் பத்திரப்படுத்தியிருக்கிற 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதன் வழியாகவே கரண்ட் கொடுப்பேன். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். அப்புறம் ஸ்பீக்கருக்குப் போகிற வயரில் டிசி பார்ப்பேன். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் நின்றால்தான் ஆம்ப்ளிஃபயர் போர்டில் இருக்கிற ஐசி சில்லு மேல் சந்தேகம், அதுவரை போர்டுப் பேச்சே வேண்டாம். கெப்பாசிட்டர் அடியில் ஊற்றியிருக்கிற பசையையும் பார்க்கணும். மஞ்சளாக இருந்தது சூட்டில் பழுப்பாகி, கரண்டைக் கடத்த ஆரம்பித்துவிடும். கெப்பாசிட்டர் கசிந்திருந்தால் மூடியைத் திறந்ததுமே கருவாட்டு வாடை வரும், மீட்டரே வேண்டாம்.

அனுப்பும்போது பவர் வயரையும் சேர்த்து வை, போன தடவை மாதிரி மறந்துவிடாதே. ஸ்பீக்கர் கூம்பு மேல் எதுவும் அழுந்தாமல் துணி சுற்று. திரும்பி வரும் பெட்டியில் அம்மா சீப்புச் சீடை வைப்பாளாம். ஸ்பீக்கருக்குள் எண்ணெய் படாமல் தனி டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா