பிறந்த ஊர் என்ற கட்டம்

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தரம் கேட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவி தன் குடும்பத்து நிலக்கரிச் சுரங்கக்காரர்களை ஐந்து தலைமுறைக்குத் தேடிப் பிடித்து, எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறா என்று சொல்லிவிட்டு, கடைசியில் "எங்கட ஆக்கள் எங்கயிருந்து வந்தவை அப்பா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. அதனால்தான் கொப்பித் தாளில் எழுதுகிறேன். தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

அந்தக் கிழவி செய்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அங்கே இங்கிலாந்தில் 1851 முதல் எடுத்த குடிசனக் கணக்கில் ஒவ்வொரு ஆளுக்கும் பிறந்த ஊரையும் எழுதியிருக்கிறார்கள். அவவின் பூட்டன் வீட்டில் மூத்த பிள்ளை கோர்ன்வாலில் பிறந்தது, அங்கே தகரச் சுரங்கம். அடுத்த பிள்ளை டர்ஹமில், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில். வேறு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் பிறந்த ஊரைக் கோத்துப் பார்த்தால் பெற்றவர்கள் போன வழி தெரிந்துவிடுகிறது. அன்று இரவே நம் வீட்டையும் அப்படி எழுதிப் பார்த்தேன்.

உன் தாத்தா, 1934, மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம். நான், 1962, அதே தோட்டம், அதே லயத்து வரிசை அறை. உன் அத்தை, 1968, புசல்லாவை. சின்னச் சித்தப்பா, 1978, கிளிநொச்சி. உன் அண்ணன், 1991, கிளிநொச்சி. நீ, 1996, அக்கராயன். தம்பி, 1999, மல்லாவி. அத்தையின் பேத்தி, 2009, வவுனியா ஆஸ்பத்திரி. அப்போது நாங்கள் எல்லோரும் மெனிக் பாம் அகதி முகாமில் கம்பிக்குள்.

இந்தப் பட்டியலுக்கு மேலே ஒரு ஆள் இருக்கிறா. உன் பூட்டி, என் அப்பாயி. (நீ கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியதும் வீட்டில் 'அப்பம்மா' என்றாய். கிழவி 'அது யாருடி' என்று கேட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.) பத்து வயதில் தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கத்திலிருந்து தகப்பனோடு வந்தவ. மண்டபம் முகாமில் அடைத்து வைத்து அம்மைப்பால் குத்தினார்களாம். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், பிறகு கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். அந்த ரயிலும் கப்பலும் 1914இல் வந்தவை. அதற்கு முந்திய கோப்பிக் காலத்துச் சனம் மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே நடந்துதான் போனது. கொலராவில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நான் மன்னாருக்குப் பஸ்ஸில் போகிற நேரமெல்லாம் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே போவேன். நாம் வன்னிக்குப் புதிதாக வந்தவர்கள் என்று இங்கே சிலர் சொல்லும்போதும் அந்தக் காடுதான் ஞாபகம் வரும்.

அப்பாயியிடம் ஒரு தகரத் துண்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒரு ஓட்டை, அதில் கறுத்துப்போன கயிறு. ஒரு எழுத்தும் இரண்டு எண்களும் அடித்திருக்கும். எழுத்து மாவட்டத்துக்கு, ஒரு எண் தோட்டத்துக்கு, மற்றது ஆளுக்கு. வழியில் யாரும் கேள்வி கேட்கத் தேவையில்லை, கழுத்தைப் பார்த்தால் எந்தத் தோட்டத்துக்குப் போகிற சரக்கு என்று தெரிந்துவிடும். அப்பாயி அதைத் திறப்புக்கோவையில் மாட்டி வைத்திருந்தா. நீ சின்னதில் அதை வாயில் வைத்துக் கடிப்பாய்.

உன் கிழவி வீட்டுக் கதையிலும் அப்படி ஒரு கட்டு இருக்கிறதே. டர்ஹம் சுரங்கக்காரன் வருசத்துக்கு ஒரு தரம் முதலாளியின் பத்திரத்தில் கைநாட்டு வைப்பானாம். இடையில் விட்டுப் போனால் சிறை. அது 1872இல்தான் ஒழிந்தது என்கிறாய். நமக்கு 'துண்டு' என்று ஒன்று. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவேன் என்று தோட்டத்தை நடத்துகிற துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது. அந்தத் துண்டுமுறை 1921 வரை இருந்தது. அவர்களுக்குச் சுரங்கத்து வரிசை வீடு, நமக்கு லயம். எனக்கு அந்தக் கிழவியை இப்போதே பிடித்துவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்தச் சுரங்கக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் அந்த நாட்டு ஆள். தோட்டத்துச் சனமான நம்மை 1948இல் ஒரு சட்டம் நாடில்லாதவர்கள் ஆக்கியது. அடுத்த வருசம் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடலாம் என்று இன்னொரு சட்டம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்துக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. என் தாத்தாவுக்கு, அப்பாயியின் புருசனுக்கு, கிடைக்கவில்லை. காரணத்தைக் கேள். செக்ரோலில், அதுதான் தோட்டத்து வேலையாள் பெயர்ப் பதிவில், அவர் பெயர் 'முத்து' என்று முடியும். கல்யாணப் பதிவில் 'சாமி' என்று முடியும். மூன்றாவது ஒரு தாளில் தகப்பன் பெயரே அவர் பெயராக இருக்கும். எழுதிய கணக்கப்பிள்ளைக்கு அன்று என்ன அவசரமோ. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அந்த மனுசன் தானே அங்கே எதிரில் நின்றாராம், அது போதவில்லை.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். என் பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், உன் தாத்தா கொடுக்கவில்லை. ஒரே லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்தவர்கள். பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கோத்தகிரியில் மறுபடி கொழுந்துதான் பறித்தது.

1977 கலவரத்தை உனக்குப் பலமுறை சொல்லிவிட்டேன். எனக்குப் பதினைந்து வயது. லயம் எரிந்த பிறகு லொறியில் வவுனியாவுக்கு வந்தோம். காந்தியம் என்ற அமைப்புக்காரர் அரிசியும் மண்வெட்டியும் கொடுத்தார்கள். பிறகு கிளிநொச்சி, காடு, மலேரியா, யானை. உன் தாத்தா கையில் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறொன்றும் பழகியதில்லை. அதை வைத்தே முதல் வருசம் பற்றை வெட்டினார்.

சரி, உனக்கு நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். உன் விசா அலுவலுக்குப் பத்திரம் தேடினேன் அல்லவா? என் பிறப்புப் பதிவு, துரை கையெழுத்து வைத்து அனுப்பியது, மலையகத்தில் கேட்டுப் பத்தாம் நாள் வந்துவிட்டது. அறுபது வருசப் பழைய தாள், ஒரு எழுத்து அழியவில்லை. உன்னுடையது? அக்கராயனில் இடம்பெயர்ந்திருந்த போது பதிந்தது. அந்தப் புத்தகமே இல்லை என்றுவிட்டார்கள். ஒரு கந்தோரில் 'பிறந்ததற்குச் சாட்சி உண்டா' என்று உன் அம்மாவிடமே கேட்டார்கள். பெற்றவளிடம்! கடைசியில் இரண்டு வருசம் அலைந்து எடுத்தோம். நம்மைக் கூலி என்று எண்ணிய காலத்துக் கணக்கு பத்திரமாக இருக்கிறது, நாம் கிணறு வெட்டி வீடு கட்டிக் குடியிருந்த காலத்துக் கணக்குத்தான் ஷெல்லோடு போய்விட்டது. இதை யோசித்து யோசித்து எனக்குச் சில இரவு நித்திரை வருவதில்லை.

தகரத் துண்டும் அப்படித்தான் போனது. 2009இல் புதுக்குடியிருப்பில் பங்கருக்குள் பத்திரங்களைச் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தோம். எழும்பி ஓடும்போது அம்மா பையைத் தூக்கினா, திறப்புக்கோவையை நான் எடுக்கவில்லை. திறப்பு எதற்கு, வீடே இல்லையே என்று நினைத்தேன். அதில் அது தொங்கியது ஞாபகம் வந்தபோது நாங்கள் முள்ளிவாய்க்காலில் இருந்தோம்.

அந்த எண் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடக் கொப்பியின் மேல் அதை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்பாய். ஒரு எண்ணாவது நினைவு வந்தால் எழுது. தை பிறந்ததும் நான் மஸ்கெலியாவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் சனம் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. எண் தெரிந்தால் குழப்பம் இல்லை.

அப்புறம் அந்தக் கிழவியிடம் ஒன்று கேட்டுச் சொல். அவ வீட்டுப் பழைய தாள்களிலும் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்திருக்கும். அது ஒரே ஆள்தான் என்று அவ எப்படிக் கண்டுபிடித்தா?

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. யாராவது வந்தால் கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்,
அப்பா