பின்சீட்டுப் பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஓட்டுகிற அப்பா தலையில் ஹெல்மெட். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வெறுந்தலை. பள்ளி விடும் நேரத்தில் எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை. 2030-க்குள் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானமும் போட்டிருக்கிறது.

வியட்நாமில் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயமானது. பெரியவர்கள் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் பழக்கம் ஒட்டவில்லை. சிறுவருக்கு அபராதம் போட சட்டத்தில் வழியில்லை; ஹெல்மெட் கனத்தில் பிஞ்சுக் கழுத்து கெட்டுவிடும் என்ற வதந்தி வேறு. ஏற்றிச் செல்லும் பெரியவருக்கு அபராதம் என்று 2010-இல் விதியைத் திருத்த வேண்டியதாயிற்று.

நம் சட்டத்தில் அந்த ஓட்டைகூட இல்லை. நான்கு வயதைத் தாண்டிய எவரும் ஹெல்மெட் போட வேண்டும். போடாவிட்டால் ஓட்டுநருக்கு ரூ.1,000 அபராதம், மூன்று மாதம் உரிமமும் செல்லாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், அளவான ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேற்படாத வேகம் என்று 2023 பிப்ரவரி 15 முதல் விதி. சோதனையில் நிற்கும் காவலர் முன்சீட்டை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்.

வாங்குவதிலும் கவனம் வேண்டும். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி டேப் பிடித்து அளவெடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 50 முதல் 52 செ.மீ. இருக்கும். 58 செ.மீ. ஹெல்மெட்டை 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று மாட்டினால், விழும்போது தலைக்கு முன்னே அது கழன்று ஓடும். வாரைப் பூட்டி, பின்விளிம்பைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கண்ணை மறைத்தபடி கழன்று வந்தால் வேண்டாம். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழையலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். துணியை விலக்கினால் உள்ளே கெட்டியான தெர்மோகோல் தெரிய வேண்டும். அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்குவது அதுதான்; வெறும் ஸ்பாஞ்சு என்றால் அடி நேரே மண்டைக்குப் போகும். ஒருமுறை நசுங்கிய தெர்மோகோல் மீளாது. எனவே விபத்தில் அடிபட்ட ஹெல்மெட், வெளி ஓடு பளபளப்பாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

பள்ளிகளுக்கு ஒன்று. இறங்கியபின் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பதாலேயே பல பெற்றோர் வாங்குவதில்லை. வகுப்பறைக்கு வெளியே ஒரு வரிசைக் கொக்கியும் பெயர்ச் சீட்டும் போதும். போக்குவரத்துக் காவலர்களோ, காலையும் மாலையும் அரை மணி நேரம் பள்ளி வாசலில் நின்று பின்சீட்டைப் பார்க்கட்டும்.