செயல்முறை ஆராய்ச்சி: முதுநிலைக்கு முந்தைய மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் டேட்டா சயின்ஸுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயல்முறை ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லை. இருக்கும் வளங்களைக் கொண்டு சிறந்த முடிவை எடுக்கக் கணிதத்தைப் பயன்படுத்தும் துறை இது. எழுதப்படும் கொஞ்சமும் வேலைவாய்ப்பு, சம்பளம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இந்தத் துறையில் முதுநிலை படிக்க வரும் நம் மாணவர்கள் முதல் செமஸ்டரில் எங்கே தடுமாறுகிறார்கள், அதை முன்கூட்டியே எப்படிச் சரிசெய்யலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

பிளஸ் டூ வணிகக் கணிதத்திலேயே போக்குவரத்துக் கணக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கும் வந்துவிடுகின்றன. பி.எஸ்சி. கணிதத்தில் அவற்றோடு சிம்ப்ளெக்ஸ் அட்டவணை சேர்கிறது. வடமேற்கு மூலை விதி, வோகல் முறை, ஹங்கேரியன் முறை என எல்லாவற்றையும் மாணவர்கள் கையால் போட்டுப் பழகி, நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் அந்தத் தேர்வுகளில் செலவு அட்டவணை கட்டம் போட்டுத் தயாராகத் தரப்பட்டிருக்கும். முதுநிலையில் அட்டவணை வராது. ஒரு நிலைமை மட்டும் வரும். எது மாறி, எது கட்டுப்பாடு, எதைக் குறைக்க வேண்டும் என்பதை மாணவர்தான் எழுத வேண்டும். கணக்கைத் தீர்க்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு யோசனை. குறியீட்டில் எழுதும் முன் கட்டுப்பாட்டைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். அ, ஆ என்று இரண்டு கிடங்குகள். திறந்தால் 1, இல்லையென்றால் 0. ‘அ திறந்தால் ஆ திறக்க வேண்டும்’ என்பது அ ≤ ஆ. ‘அ திறந்தால்தான் ஆ திறக்கலாம்’ என்பது ஆ ≤ அ. ஒரே ஒரு ‘தான்’ சமனிலியைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. முதல் செமஸ்டர் விடைத்தாள்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். இரண்டு கிடங்குகளுக்கும் உள்ள நான்கு நிலைகளையும் எழுதி, எது கூடும், எது கூடாது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

இறுதி செமஸ்டர் முடிந்து முதுநிலை தொடங்கும் வரை உள்ள மாதங்களில் ஒரே ஒரு முழு மாதிரியை (மாடல்) தொடக்கத்திலிருந்து முடிவு வரை கட்டிப் பார்ப்பது, நூறு அட்டவணைகளை நிரப்புவதைவிட மேல். கல்லூரியில் ஒரு துறையின் கால அட்டவணையையே எடுத்துக்கொள்ளலாம். ஆறு வகுப்புகள், வகுப்புக்கு ஆறு பாடங்கள், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 7 மணி (பாடவேளை). இன்ன வகுப்புக்கு இன்ன பாடம் இன்ன மணியில் உண்டா, இல்லையா என்று 6 × 6 × 35 = 1,260 பூஜ்ய-ஒன்று மாறிகள் வரும். ஒரு வகுப்புக்கு ஒரு மணியில் ஒரு பாடம்தான், ஓர் ஆசிரியருக்கு ஒரு மணியில் ஒரு வகுப்புதான், பாடத்துக்கு வாரம் இத்தனை மணி என்பவை எளிய கட்டுப்பாடுகள். சிக்கல் ஆய்வகத்தில் வரும். மூன்று மணி தொடர்ந்து நடக்க வேண்டும். நடுவில் உணவு இடைவேளை குறுக்கிடக் கூடாது. இதை மணிவாரி மாறிகளைக் கொண்டு எழுதப் போனால் கட்டுப்பாடுகள் பெருகி, பிழையும் நுழைந்துவிடும். ‘ஆய்வகம் எப்போது தொடங்குகிறது’ என்று மாறியையே மாற்றிக்கொள்ள வேண்டும். நான்காம் மணிக்குப் பின் இடைவேளை என்றால் 1, 2, 5 ஆகிய மணிகளில் மட்டுமே தொடங்க முடியும். நாளுக்கு மூன்று, வாரத்துக்குப் பதினைந்து தொடக்கங்கள்; அவ்வளவுதான். மாறியைச் சரியாகத் தேர்ந்தால் கட்டுப்பாடு தானாகக் கரைந்துபோவதை இந்த ஒரு பயிற்சியிலேயே காணலாம்.

இதற்குப் பணம் தேவையில்லை. பைத்தான் மொழி, அதில் மாதிரியை எழுத உதவும் பல்ப் (PuLP) தொகுப்பு, அதைத் தீர்க்கும் மென்பொருளான ஹைஸ் (HiGHS) சால்வர் எல்லாமே இலவசம். குரோபி (Gurobi) போன்ற வணிக சால்வர்களும் மாணவர்களுக்கு இலவசக் கல்வி உரிமம் தருகின்றன. சாதாரண மடிக்கணினியே போதும்.

முதல் முறை ஓட்டும்போது பெரும்பாலும் ‘தீர்வு இல்லை’ என்று வரும். ஏன் என்று சால்வர் தானாகச் சொல்லாது. கட்டுப்பாடுகளை ஒவ்வொரு தொகுதியாக நீக்கி ஓட்டிப் பாருங்கள். அல்லது ஒவ்வொன்றிலும், அது எவ்வளவு மீறப்படுகிறது என்பதைக் காட்டும் ஒரு தளர்வு மாறியைச் சேர்த்து, அதற்குக் கடும் அபராதம் வையுங்கள். எந்தத் தளர்வு பூஜ்யத்தைவிடக் கூடுகிறதோ அங்கேதான் முட்டல். இதைவிட ஆபத்தானது, விடை வந்தும் தவறாக இருப்பது. கிடங்கு திறந்தால் மட்டுமே சரக்கு அனுப்பலாம் என்பதை ‘சரக்கு ≤ பேரெண் × திறப்பு’ என்று எழுதுவது வழக்கம். திறப்பு 1 அல்லது 0; பேரெண் என்பது சரக்குக்கு உச்சவரம்பாக நாம் வைக்கும் எண். யோசிக்காமல் பேரெண்ணைப் பத்து லட்சம் என்று வைப்பவர்கள் அதிகம். குரோபி போன்ற சால்வர் 0.00001 வரையுள்ள மதிப்பைப் பூஜ்யமாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் மூடிய கிடங்கிலிருந்து 10 அலகு சரக்கு கசியும். உண்மையான கொள்ளளவு 400 என்றால் பேரெண்ணும் 400தான், கசிவு 0.004 ஆகச் சுருங்கும், கணினியும் வேகமாக முடிக்கும்.

கணினி தெரிந்தால் மட்டும் போதாது. வகுப்பில் பாதி நேரம் நிரூபணம்தான். நேரியல் இயற்கணிதத்தில் தரம் (ரேங்க்), அடிக்களம் (பேசிஸ்). மெய்ப் பகுப்பாய்வில் ஒருங்குதல். நிகழ்தகவில் நிபந்தனை எதிர்பார்ப்பு, மார்க்கோவ் சங்கிலி ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். இருமைத் தேற்றத்தை (டூயாலிட்டி) வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர் முதல் இடைத்தேர்விலேயே சிக்கிக்கொள்வார்.

சேரும் வழிகளும் பலருக்குத் தெரிவதில்லை. ஐ.ஐ.டி. பம்பாயில் இத்துறைக்கென்றே எம்.எஸ்சி., பிஎச்.டி. இணைந்த படிப்பு உள்ளது. கணிதம் அல்லது கணிதப் புள்ளியியலில், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தரம், நம்பகத்தன்மை, செயல்முறை ஆராய்ச்சி எம்.டெக்.குக்குத் தனி நுழைவுத் தேர்வு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இயங்குகிறது. ஐ.ஐ.டி.களில் கேட் வழியே எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, பிஎச்.டி.க்கு முதல் இரண்டு ஆண்டுகள் 37,000, பிறகு 42,000. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. இடத்தோடு பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் வரும், எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் வராது. வீட்டை அடமானம் வைக்கும் முன் பெற்றோர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

விடுதி வாழ்க்கையே இப்பாடத்துக்கு நல்ல ஆய்வகம். மெஸ்ஸில் ஒருவருக்குப் பரிமாற 20 விநாடி, அதாவது மணிக்கு 180 பேர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 162 பேர் வந்தால், எளிய வரிசைச் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம். ஒன்பது பேர் கூடி 171 ஆனால் 6 நிமிடம் 20 விநாடி. ஆனால் ஒன்பது மணி வகுப்புக்கு முந்தைய அரைமணி நேரத்தில் 120 பேர் திரண்டால் அந்தச் சூத்திரம் செல்லாது. 90 பேருக்குத்தான் பரிமாற முடியும், மீதி 30 பேரில் கடைசியில் நிற்பவர் 10 நிமிடம் நிற்பார். சூத்திரம் எங்கே பொருந்தாது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாடம் பிடிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வீட்டுப்பாடத்தை மூன்று நான்கு பேர் சேர்ந்து விவாதிப்பது நல்லது. ஆனால் எழுதும்போது தனியே உட்கார்ந்து எழுதுங்கள். நண்பரின் நிரூபணம் படிக்கும்போது புரிந்ததுபோல் இருக்கும், தேர்வில் கை ஓடாது. புரியாததைப் பேராசிரியரிடம் அந்த வாரமே கேளுங்கள். ஒரு வாரப் பாடம் விட்டுப்போனால் அடுத்த வாரப் பாடம் நிற்க இடமிருக்காது.

நம் கலைக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளநிலைச் செயல்முறை ஆராய்ச்சித் தாளில் கை அட்டவணைக்கான நேரத்தில் வாரம் இரண்டு மணியைக் கணினி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். செய்முறைத் தேர்வில் ஒரு நிலைமையைத் தந்து மாதிரியை எழுதச் சொல்லுங்கள். உங்கள் உயர்கல்விப் பக்கத்திலும் ஜாம் விண்ணப்பம் தொடங்கும் காலத்தில் இத்துறை பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயல்முறை ஆராய்ச்சி கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.