பச்சைக் கொட்டை அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நலம். உன் நலனையும் மாப்பிள்ளை நலனையும் அறிய ஆவல்.

நீ கேட்டபடி தாண்டிக்குடிக் காப்பிக் கொட்டையைப் பச்சையாகவே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அரைக் கிலோ போதும் என்று போனில் சொன்னாய். இருவர் குடிக்கும் வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும் என்று புரியாததால், வழக்கம்போல் இரண்டு கிலோவே கட்டச் சொன்னேன். ஈரம் படாமல் வைத்தால் பச்சைக் கொட்டை பல மாதம் கெடாது. வறுத்ததுதான் சில வாரங்களில் மணம் இழந்துவிடும்.

ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடாதே. அடி கனத்த இரும்பு வாணலியில், மிதமான தீயில், கை ஓயாமல் கிளற வேண்டும். பச்சை நிறம் மஞ்சளாகும்போது வைக்கோல் வாசம் வரும். பழுப்பேறும்போது மேல்தோல் உரிந்து பறக்கும். கொட்டையின் சூடு 200 டிகிரியை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கும். அந்த வெடிப்பு அடங்கிச் சற்று நேரத்தில் இரண்டாவதாக ஒரு மெல்லிய சடசடப்பு தொடங்கும். அது காதில் விழுந்தவுடன் இறக்கிவிடு. பில்டர் காப்பிக்கு அதுவே பதம். எண்ணெய் மினுங்கும் வரை விட்டால், உன் அத்தை வறுப்பதுபோல், கசப்புதான் மிஞ்சும். இறக்கிய பிறகும் உள்சூட்டில் கருகிக்கொண்டே போகும் என்பதால், உடனே முறத்தில் பரப்பி விசிறு. கால் கிலோ ஏறக்குறைய 210 கிராமாகக் குறைந்திருக்கும். பயப்படாதே, பெரும்பாலும் போனது ஈரம்தான்.

கிளறுவதை நிறுத்தாதே. நடுவில் போனை எடுக்காதே. புகை வரும், ஜன்னலைத் திறந்து வை. ஒருவர் கிளற, ஒருவர் விசிறினால் சுலபம்; மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து வறு. ஞாயிற்றுக்கிழமை இருப்பார் அல்லவா? தீபாவளிக்குப் பேசியபோது வெளியே போயிருப்பதாகச் சொன்னாய். பொங்கலுக்கும் அப்படியே சொன்னாய். வேலை அதிகம் போலிருக்கிறது.

உன் மூக்கை நான் நம்புகிறேன். பள்ளியில் படிக்கும்போதே, சிக்கரி கலந்த தூள் எது, கலக்காதது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். அப்பா அதைக் கடைக்காரரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அப்படிப்பட்டவள் சில மாதங்களாக இன்ஸ்டன்ட் பொடியைக் கலக்கிக் குடிக்கிறாய் என்பதை உன் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

வறுத்த அன்றே அரைக்காதே. உள்ளே உண்டான வாயு வெளியேற ஒரு நாளாவது விடாவிட்டால், பில்டரில் தூள் நுரைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் சரியாக இறங்காது. மீண்டும் சொல்கிறேன், கிளறுவதை நிறுத்தாதே.

உனக்குச் சிக்கரி ஆகாது. மாப்பிள்ளைக்கு இல்லாமல் ஆகாது. அதனால் 100 கிராம் தனிப் பொட்டலமாக வைத்திருக்கிறேன். தேவைப்படாவிட்டால் அப்படியே இருக்கட்டும், நான் எதுவும் கேட்க மாட்டேன்.

பங்குனியில் நானும் அப்பாவும் புனேக்கு வரலாம் என்றிருக்கிறோம். டிக்கெட் எடுக்கட்டுமா என்று மட்டும் எழுது. வரும்போது கையால் அரைக்கும் மிஷினையும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா